காதுக்குள் ஒரு தகப்பன்

பெண்ணைப் பார்த்தவுடனேயே நாச்சிமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படிப் பிடித்துப்போனதை நினைத்துத்தான் பிறகு அவருக்கு வாயெல்லாம் கசந்தது.

சிங்காநல்லூர்க் குளத்தைப் பார்த்துக் கட்டிய அடுக்குமாடியில் இரண்டாம் தளம். ஓட்டுநர் இல்லாத கார் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுத் தானே நிழல் தேடிப் போய்விட்டது. நாச்சிமுத்து, அவருடைய மருமகள் சரண்யா, தாத்தாவைக் கொங்கு வழக்கப்படி 'அப்பாரு' என்று கூப்பிடும் பேரன் ஆதவன். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாதென்று சரண்யா ஓர் எலுமிச்சம்பழத்தை நான்காவது ஆளாகக் கையில் வைத்திருந்தாள். காருக்கு ஓட்டுநர் இருந்த காலத்தில் இந்தச் சங்கடம் வந்ததில்லை.

ஆதவனின் தகப்பன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. ஆகவே பெண் பார்ப்பதும் பேசுவதும் முடிப்பதும் முறிப்பதும் நாச்சிமுத்துவின் பொறுப்பு. காங்கேயம் பக்கத்து நிலமெல்லாம் சூரியத் தகடுகளுக்குக் குத்தகையாகப் போன பிறகும் அவர் முதுகு மட்டும் வளையவில்லை. மெத்தென்ற சோபாவில்கூடச் சாயாமல், விளிம்பில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் பெயர் சுடர்விழி. தாயில்லாப் பெண். தகப்பன் கவின்குமார் பம்புசெட் கம்பெனி வைத்திருந்தான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொள்வான்.

சுடர்விழி பலகாரத் தட்டோடு வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. நடையில் ஒரு சத்தமில்லை.

"நீயும் ஒண்ணு எடுத்துக்கோ அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

தட்டில் கச்சாயமும் மைசூர்பாகும் இருந்தன. அவள் கை தட்டின்மேல் நின்றது. தலை இம்மியளவு இடப்பக்கம் சாய்ந்தது, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதைக் கேட்பவள்போல. அப்புறம் கச்சாயத்தை எடுத்தாள்.

"என்ன வேல பாக்கோணும்னு ஆசை உனக்கு?"

மறுபடியும் அந்தச் சாய்வு. "பெரியவங்க காட்டற வழியில போனா ஒரு கொறையும் வராதுங்க."

சரண்யா பூரித்துப்போய் மாமனாரின் காதைக் கடித்தாள். "மாமா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! நம்ம ஆதவனுக்குச் சுழி நல்லா இருக்குது."

நாச்சிமுத்துவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியவர்கள் முன்னால் காலை ஆட்டிக்கொண்டு கைத்திரையைத் தடவிக்கொண்டிருக்கும் பெண்களை இந்த வருஷம் அவர் நிறையப் பார்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் சும்மா ஒரு கேள்வி கேட்டார். சன்னலுக்கு வெளியே குளத்தில் நாரைகளும் நீர்க்கோழிகளும் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதுகள்ல எந்தப் பறவை கண்ணு உனக்குப் புடிக்கும்?"

அவள் இடது கண்ணிமை துடித்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அச்சு அசலாகத் தகப்பனின் கனைப்பு.

"பறவையெல்லாம் பாக்கறதுக்கு நேரம் ஏதுங்க? ஒழைக்கற வயசுல வேடிக்கை பாத்தா, வேடிக்கை பாக்கற வயசுல ஒழைக்கோணும்."

ஐம்பது வயது பம்புசெட் வியாபாரியின் வாக்கியம் அது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் வாயிலிருந்து, இன்னொருவர் மென்று துப்பிய வெற்றிலைபோல வந்து விழுந்தது. கவின்குமார் பெருமையோடு சிரித்தான். நாச்சிமுத்து அவனைப் பார்த்தார், மறுபடி பெண்ணைப் பார்த்தார்.

"சரிங்க ஐயா, தட்டு மாத்திக்கலாமுங்களா?" என்றான் கவின்குமார்.

"எங்கூட்டு வழக்கம் ஒண்ணு இருக்குது தம்பி."

அந்த வழக்கம் நான்கு தலைமுறையாக வருகிறது. அருக்காணி என்று ஒருத்தியை, சம்மதம் கேட்காமல் இந்தக் குடும்பத்துக்குக் கட்டி வைத்தார்கள். தாலி ஏறிய மறுநாள் விடியலில் அவள் கிணற்றில் மிதந்தாள். ஊர் வாயை மூட முடியவில்லை. பத்து ஊருக்குப் பஞ்சாயத்து பேசிய குடும்பம் தெருவில் இறங்கித் தலைகாட்ட முடியவில்லை. அன்றைக்கு வைத்த சட்டம் இது: குடும்பத்தின் மூத்த ஆண் பெண்ணைத் தனியறையில் உட்காரவைத்து, மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டும். அவள் வாயால் சொல்லவேண்டும். பெற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வேண்டாமென்று சொன்னால், தட்டைத் தூக்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிடவேண்டும். நாச்சிமுத்துவுக்குத் தன் குடும்பத்தில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டென்றால் அது இதுதான்.

இதைக் கேட்டால் பெண்ணைப் பெற்றவர்கள் வழக்கமாக முகம் சுளிப்பார்கள். கவின்குமார் சுளிக்கவில்லை. "தாராளமாக் கேளுங்க. நாங்க வெளிய இருக்கறம்" என்று சிரித்தபடி எழுந்து, பெண்ணின் படிப்பறைக் கதவை அவனே திறந்துவிட்டான். அவ்வளவு சுலபமாக எழுந்தானே என்று நாச்சிமுத்து யோசித்திருக்கவேண்டும்.

கம்பி போட்ட சன்னல், மேசை, இரண்டு நாற்காலிகள், மூலையில் கைகழுவும் தொட்டி. சுவரில் ஒரு படமில்லை, ஒரு கீறலில்லை. ஆள் குடியிருக்கும் அறையாகவே தெரியவில்லை. நாச்சிமுத்து கதவைச் சாத்தினார்.

"அம்மிணி, என்ற பேரனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா? மனசுல இருக்கறதச் சொல்லு."

"பரிபூரண சம்மதமுங்க." இம்முறை சாய்வுகூட இல்லை. பதில் முன்பே தயாராக இருந்தது.

பரிபூரணம்! எந்தப் பெண் இப்படிப் பேசுவாள்? நாச்சிமுத்து நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "பயப்படாத கண்ணு. இங்க யாருமில்ல. நீ மட்டுந்தான் இருக்கற."

அவள் முதல்தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள். இது தெரியாதா இவருக்கு என்கிற ஆச்சரியம் அதில் இருந்தது.

"நான் மட்டும் இல்லீங்களே. அப்பா இருக்காருங்க."

"எங்க?"

அவள் இடது காதின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினாள். முடிக்குக் கீழே உளுந்தளவில் ஒரு தழும்பு.

நாச்சிமுத்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். நான்கு தலைமுறையில் அந்தத் தனியறைக்குள் ஓர் ஈ நுழைந்ததில்லை. இன்றைக்கு ஒருவன் சிரித்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

கதவைத் திறந்து, "தம்பி, இங்க வாங்க" என்றார். சொன்ன தொனியில் சரண்யாவும் ஆதவனும்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

"அது துணைக்குரலுங்க ஐயா" என்றான் கவின்குமார், பதற்றமே இல்லாமல். "பாப்பாவுக்கு அஞ்சு வயசுல வெச்சது. பெத்தவங்க பேச்சு, கண்டிப்பு, விருப்பு வெறுப்பு அத்தனையும் அது கத்துக்கும். நான் கம்பெனியில இருந்தாலும், வெளியூர் போனாலும் என்ற குரல் அவ காதுக்குள்ளார இருந்துட்டே இருக்கும். எதைச் செய்யலாம், எது கூடாதுன்னு நான் சொல்றாப்பலயே சொல்லும். தாயில்லாப் பொண்ணுங்க. வேற எப்படிக் காப்பாத்தறது?"

"கேக்கலைன்னா?"

"காதுக்குப் பின்னால சுருக்குங்கும். எறும்பு கடிச்சாப்பல. அவ்வளவுதான். நான் ஒரு நாள் கை ஓங்கினதில்லீங்க!"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு சொன்னான்.

"அழுதா?"

"அழுகாதேன்னு சொல்லும். நின்னுரும்."

"சினேகிதி யாராச்சும்?"

"அதெல்லாம் குரலே வடிகட்டிருமுங்க. கடைசியில யாரும் தேறலை." கவின்குமாருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இஷ்டப்பட்டதை வரையுங்கன்னு வெள்ளைத்தாள் குடுத்தாங்களாம். மத்த புள்ளைங்க எல்லாம் கையி, மேசை, மூஞ்சியெல்லாம் வண்ணமாக்கிட்டாங்க. என்ற பொண்ணு மட்டும் பெல் அடிக்கற வரைக்கும் தாளை அப்படியே வெச்சிருந்தாளுங்க. ஒரு புள்ளி இல்ல. அவ்வளவு சுத்தம்!"

"ஏன் வரையல?"

"எனக்குப் படம் வராதுங்களே. அப்புறம் குரலுக்கு எப்படி வரும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லை. சுடர்விழி மட்டும் இடப்பக்கம் தலைசாய்த்துவிட்டு, ஒரு நொடி தாமதித்துப் புன்னகைத்தாள்.

நாச்சிமுத்து கண்டிப்புக்கு எதிரியல்ல. அவர் வீட்டில் அவர் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள். ஆனால் அவரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு முறைத்துப் பார்க்கக் கண் இருந்தது. மாடிக்கு ஓடிப்போய் அவரைச் சபிக்க வாய் இருந்தது. போரடிக்கும் மாட்டுக்குக்கூட வேலை முடிந்ததும் வாய்க்கூடையை அவிழ்த்துவிடுவார்கள். இந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரு நாழிகை அவிழ்த்துவிடவில்லை. இந்த ஆள் ஒரு பெண்ணை வளர்க்கவே இல்லை. அவள் இருக்கவேண்டிய இடத்தில் தன்னையே இன்னொரு தடவை நட்டுவைத்து, தண்ணீர் ஊற்றி, பூ வைத்துப் பொட்டிட்டு, இப்போது தாம்பூலத் தட்டோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

"அசிங்கம்" என்றார் நாச்சிமுத்து.

"ஐயா?"

"பொண்ணுகிட்டச் சம்மதம் கேட்டா நீ சம்மதம் சொல்ற. என்ற பேரனை நீயா கட்டிக்கப் போற?"

"மாமா, மெதுவா..." என்றாள் சரண்யா.

கவின்குமாரின் முகம் கறுத்தது. "குடும்ப மானத்துக்குப் பயந்துதானுங்க இதைச் செஞ்சேன். உங்களுக்குத் தெரியாத மானமா?"

"மானத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. மானம் ஆளுக்குத்தான் உண்டு. ஆளே இல்லாத எடத்துல எதைய்யா காவல் காத்த?"

"அப்படிங்களா? உங்க பேரன் வேற மாதிரி சொன்னாருங்களே!"

நாச்சிமுத்து திரும்பிப் பேரனின் தோளில் கைவைத்தார். ஆதவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. போன வாரம் வந்து உங்க குரலைப் பதிவு பண்ணிட்டுப் போனதை உங்க அப்பாருகிட்டச் சொல்லலீங்களா?" கவின்குமார் நிதானமாகச் சொன்னான். "தாலி கட்டற அன்னைக்கு என்ற குரலை எடுத்துட்டு அவரு குரலை வெக்கறமுங்க. தகப்பன் கைமேல இருந்து புருசன் கைமேல. கன்னிகாதானம்னா என்னங்க, இதுதானுங்க."

"ஏண்டா?" என்றார் நாச்சிமுத்து.

"அப்பாரு, இப்ப எல்லாரும் பண்றதுதான்" என்றான் ஆதவன் முணுமுணுப்பாக. "சண்டை சச்சரவு இருக்காது. என்ற ஃப்ரெண்டு வீட்ல வெச்சிருக்காங்க. சமையல் முதக்கொண்டு கேக்கவே வேண்டியதில்ல. மனசுல நெனைக்கறதுக்குள்ள வந்துருமாம்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

சரண்யா எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அதுவே பதிலாக இருந்தது.

கவின்குமாராவது வேற்று வீட்டுக்காரன். அவனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிடலாம். இது சொந்த ரத்தம். தன் முகவெட்டு, தன் தகப்பனின் காது மடல். அந்த முகம் ஒரு பெண்ணின் தலைக்குள் நாற்காலி போட்டு உட்கார ஆசைப்பட்டிருக்கிறது. பேரனின் தோளில் வைத்திருந்த கையை எடுத்து, நாச்சிமுத்து வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"குரலை நிறுத்த முடியுமா?" என்று கவின்குமாரிடம் கேட்டார்.

"என்ற போன்ல நிறுத்தலாம். ஆனா அவ தாங்கமாட்டா. பழக்கமில்லீங்க."

"நிறுத்து. நிறுத்திட்டுப் போனை என்ற கையில குடு. மறுபடி கேக்கறேன். அவ சம்மதம்னா சம்மதம். இல்லீன்னா இந்தப் பேச்சு இத்தோட சரி."

சம்பந்தம் கைநழுவுவதைக் கவின்குமார் விரும்பவில்லை. தன் பெண் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்ற நம்பிக்கையும் இருந்தது. போனைத் தடவினான், நீட்டினான். மற்றவர்கள் வெளியே போனார்கள். நாச்சிமுத்து மறுபடியும் கதவைச் சாத்தினார்.

சுடர்விழி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் தலையைச் சாய்த்தாள். நிமிர்த்தினாள். திரும்பச் சாய்த்தாள். காற்றில்லாத அறையில் இருப்பவள்போல வாய் திறந்து திறந்து மூடியது.

"என்ன பண்ணுது அம்மிணி?"

"உள்ளார வெறிச்சுனு இருக்குதுங்க."

"இருக்கட்டும். இப்பச் சொல்லு. ஆதவனைக் கட்டிக்கச் சம்மதமா?"

அவள் கண்கள் மேசைக்கும் சுவருக்கும் சன்னலுக்கும் தாவித் தாவி ஓடின. எங்கும் விடை எழுதியிருக்கவில்லை. பாவம், நெற்றி வியர்த்துவிட்டது. நாச்சிமுத்து பொறுத்துப் பார்த்தார். பொறுமை அவருக்குப் பழக்கமில்லாத சமாசாரம்.

"சொல்லு!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. கடைசியில் ஒரு குரல் கிடைத்துவிட்டதே என்கிற நிம்மதி.

"என்ன சொல்லோணுமுங்க?" என்று ஆவலோடு கேட்டாள்.

அவர் நாக்கில் வார்த்தை தயாராக இருந்தது. அந்தப் பயலுக்கு இந்தப் பெண் கிடைக்கக் கூடாது. இவளும் அவனிடம் போய்ச் சேரக் கூடாது. நியாயம் அவர் பக்கம் இருந்தது. நியாயம் தன் பக்கம் இருக்கும்போது அவர் தயங்கியதாக வரலாறு இல்லை.

"வேண்டாம்னு சொல்லு."

சுடர்விழி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். முதுகைக் கம்புபோல நிமிர்த்திக்கொண்டாள். தாடை இறுகியது. புருவம் சேர்ந்தது.

"வேண்டாம்" என்றாள், கடைசி எழுத்தை வெட்டி. அது நாச்சிமுத்துவின் தொனி. அவருடைய முதுகு. அவருடைய முறைப்பு. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து எழுந்து மூலைத் தொட்டிக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பினார். மறுபடி கொப்பளித்தார். கசப்பு போகவில்லை.

நான்கு தலைமுறையாக எல்லோரையும் வெளியே அனுப்பினோம் என்று மார்தட்டிக்கொண்டார்களே, கேட்கிற பெரியவர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாரே! மீசையும் துண்டும் குடும்பப் பெருமையுமாக ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து சொல்லு என்றால், இதுவரை வந்த பெண்கள் யாருக்குப் பதில் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை அவருக்கு முன் யாரும் கேட்டதில்லை. அவருக்கும் இதுவரை கேட்கத் தோன்றியதில்லை.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னாளுங்க?" என்றான் கவின்குமார்.

வேண்டாமென்று சொன்னாள் என்று சொல்லிவிடலாம். ஆதவனுக்கு நல்ல பாடம். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மூத்தவன் கொண்டுவரும் வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் சந்தேகித்ததில்லை.

"அவ இன்னும் பேசல" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப எதுக்கு வெளிய வந்தீங்க?"

ஆதவன் பக்கத்தில் வந்து, "அப்பாரு, போலாம் வாங்க, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. ஏதோ வாடை பொறுக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரண்யா போய் மகனைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி உட்காரவைத்தாள்.

"உள்ளார தனியா அவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியாதுங்க ஐயா. போனைக் குடுங்க. பயந்துக்குவா" என்றான் கவின்குமார். அவன் குரலில் முதல்முறையாகத் தகப்பனின் நடுக்கம் ஒன்று இருந்தது. அதற்காக அவர் இரங்கவில்லை.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடி சன்னல் பக்கம் போயிற்று, அங்கேயே நின்றது. பிறகு கதவை நோக்கி வந்தது, நின்று நின்று, கால் எங்கே வைப்பதென்று ஒவ்வோர் அடிக்கும் புதிதாக யோசிப்பதுபோல. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. கவின்குமார் வாசற்படிக்கு வந்து, இதோ திறக்கிறாள் என்று கையை நீட்டினான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

கவின்குமாரின் கை அப்படியே நின்றது. "தாழ் போட்டுட்டாளா? அவ ஒரு நாளும் கதவைத் தாழ் போட்டதில்லீங்க! பாப்பா! பாப்பா, கதவைத் தொற! அப்பா சொல்றேன்!"

நாச்சிமுத்துவின் தலைக்கு மேலாகக் கதவைத் தட்டினான். தாழ் திறக்கவில்லை.

"நான் சொல்றேன், கேக்கமாட்டேங்கறா" என்றான், நம்ப முடியாமல். நாச்சிமுத்துவின் முன்னால் கிட்டத்தட்ட மண்டியிட்டுவிட்டான். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க குரலுக்குப் பயந்துக்குவா. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாளுங்க."

"அதுக்குத்தான் வாய மூடிட்டு உக்காந்திருக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.